பெண்களின் குருதிப்போக்கும் பேசப்படாத பரம்பரை நோயும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 17 ஆம் திகதி உலக ஹீமோபிலியா தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. குருதி உறையாமை நோய் என நாம் தமிழில் வழங்கும் இந்நோய் பற்றி அன்றைய தினம் பத்திரிகைகளில் ஓரிரு கட்டுரைகள் வெளிவருவதும் மறுநாளே அவை மறக்கப்படுவதும் வழக்கம். இதில் பத்திரிகைக்காரராகிய எமக்கும் பங்குண்டு. எனினும், 2025 ஆம் ஆண்டின் தினத்துக்கு உலக ஹீமோபிலியா சம்மேளனம் தெரிவு செய்திருந்த கருப்பொருள் சற்று நின்று சிந்திக்க வைப்பதாக இருந்தது. பெண்களுக்கும் சிறுமியருக்கும் கூட இரத்தம் பெருகுகின்றது, அவர்களுக்கும் சிகிச்சை கிட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என வாசகர்கள் வியக்கக்கூடும். நூறாண்டுகளாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருந்தும் இன்னமும் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கின்றது என்பதே உண்மை.

குருதி உறையாமை ஆண்களின் நோய் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த பெரும் சத்திரசிகிச்சை நிபுணரான அல்-ஸஹ்ராவி, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரின் ஆண்கள் சிறு காயத்தினாலும் இரத்தம் பெருகி இறப்பதைத் தமது நூலில் பதிவு செய்திருக்கின்றார். 1803 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் ஒட்டோ என்ற வைத்தியர், பெண்களின் வழியாகக் கடத்தப்பட்டு ஆண்களைப் பீடிக்கும் நோயாக இதனை விபரித்தார். பிரித்தானியாவின் விக்டோரியா மகாராணியிடமிருந்து ரஷ்ய இளவரசர் அலெக்ஸி வரை சென்ற அரச குடும்பத்து நோயின் கதை பலரும் அறிந்ததே. ஹீமோபிலியாவுக்குக் காரணமான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அதில் பழுது இருந்தால் ஈடு செய்ய வேறொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று மற்றையதைத் தாங்கிக் கொள்ளும். ஆகவே பெண் நோயைக் காவுபவள் மாத்திரமே, நோயாளி அல்லள் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்து சேர்ந்தது.

இந்த முடிவு முழு உண்மையன்று. காவிகள் எனப்பட்ட பெண்களுள் கணிசமானோரிடம் குருதியை உறையச் செய்யும் காரணியின் அளவு இயல்பிலும் குறைவாகவே உள்ளது. அவ்வாறானோரை ஹீமோபிலியா நோயாளிகள் என்றே அழைக்க வேண்டுமெனச் சர்வதேச நிபுணர்கள் பரிந்துரைத்தது 2021 ஆம் ஆண்டில்தான். ஆனால் நாம் இங்கு முக்கியமாகப் பேச விரும்புவது ஆண், பெண் இருபாலாரையும் சமமாகப் பற்றிக் கொள்ளும் இன்னொரு பரம்பரை நோயைப் பற்றியே. பரம்பரையாக வரும் குருதிப்போக்கு நோய்களுள் மிகப் பரவலானது அதுவே. பெயர்தான் வாயில் நுழையாது. வொன் வில்லெபிராண்ட் நோய்.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே போல்டிக் கடலில் ஓலந்து என்றொரு தீவுக்கூட்டம் உள்ளது. அதிலே பொக்லோ என்ற மீனவர் வாழும் பகுதியிலிருந்து 1924 ஆம் ஆண்டில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்குக் கொண்டு வரப்பட்டாள். மூன்று வயதில் உதட்டில் ஏற்பட்ட காயத்தால் இரத்தம் பெருகி மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்டவள் அவள். அவளுடைய சகோதரிகளுள் சிலர் ஏற்கனவே இரத்தப்போக்கினால் இறந்திருந்தனர். தாயின் குடும்பத்திலும் தந்தையின் குடும்பத்திலும் இரத்தம் எளிதில் நிற்காதவர்கள் இருந்தனர். அவளைப் பரிசோதித்த எரிக் வொன் வில்லெபிராண்ட் என்ற வைத்தியர் அவளுக்கு மருந்து கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. அக்குடும்பத்தின் கிளைகளையெல்லாம் தேடி விசாரித்தார். 66 பேரைப் பற்றித் தகவல் திரட்டியதில் 23 பேரிடம் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அவர்களுள் பெண்களே அதிகம். ஹீமோபிலியா பற்றி அதுவரை எழுதப்பட்டிருந்த எதனோடும் இது பொருந்தவில்லை. இது வேறொரு நோய் என உறுதி கொண்ட அவர், 1926 ஆம் ஆண்டில் சுவீடிஷ் மொழியில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பரம்பரைப் போலி ஹீமோபிலியா என்பது அவர் அதற்கு இட்ட பெயர்.

அந்தச் சிறுமி என்னவானாள்? பெரிய பிள்ளையானாள். பதின்மூன்று வயதில், தனது நான்காவது மாதவிடாயின் போது குருதி நிற்காமலே இறந்து போனாள்.

ஒரு நோயை முதன்முதலில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவள், மாதந்தோறும் எந்தப் பெண்ணுக்கும் ஏற்படும் குருதிப்போக்கினாலேயே மாண்டாள் என்பது மருத்துவ வரலாற்றில் உரத்துப் பேசப்பட்டிருக்க வேண்டிய விடயம். ஆனால் அது அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது.

1950களில் சுவீடனைச் சேர்ந்த இங்கா மரீ நில்சன், மார்கரெட்டா புளொம்பெக் ஆகிய இரு பெண் ஆராய்ச்சியாளர்களும் அவர்களது குழுவினரும் அத்தீவுகளுக்குச் சென்று அதே குடும்பத்தினரை மீண்டும் பரிசோதித்தனர். அவர்களது குருதியில் எட்டாம் காரணியின் அளவு குறைந்திருந்தது. குருதியின் திரவப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கூறினை ஏற்றியதும் இரத்தப்போக்கு நின்றது. ஆச்சரியம் என்னவெனில், ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் குருதியிலிருந்து தயாரித்த கூறும் இவர்களுக்குப் பயனளித்தது. அவ்வாறாயின், ஹீமோபிலியா நோயாளியிடம் உள்ள ஏதோ ஒன்று இவர்களிடம் இல்லை. அந்த ஏதோ ஒன்று ஒரு புரதம் என்பது 1971 இலும், அதன் பரம்பரை அலகு 12 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது என்பது 1985 இலும் தெளிவாயின. எக்ஸ் நிறமூர்த்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மகனுக்கும் மகளுக்கும் ஒரே விதமாகவே இது சென்று சேர்கின்றது.

இந்தப் புரதத்தின் வேலையை விளங்கிக் கொள்வதற்கு எமது வன்னிப் பெருநிலத்தில் மாரி காலத்தில் குளக்கட்டு உடைப்பெடுக்கும் காட்சியை நினைவுபடுத்திக் கொள்ளலாம். உடைப்பில் மண்மூடைகளைப் போட்டால் மட்டும் போதாது. பாய்ந்து வரும் வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றுவிடும். முதலில் கட்டைகளை அறைய வேண்டும். கட்டைகள் பிடித்துக் கொடுக்க, மூடைகள் நிற்கும். பின்னர் களிமண்ணைப் போட்டு இறுக்குவார்கள். காயம்பட்ட குருதிக்குழாயிலும் நடப்பது இதுதான். குருதிச் சிறுதட்டுக்களே மண்மூடைகள். வொன் வில்லெபிராண்ட் காரணி எனப்படும் புரதமே அவற்றைக் காயத்தின் சுவரோடு பிடித்து வைக்கும் கட்டை. அதன் பின்னரே ஏனைய உறைதற் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, நார் போன்ற வலையொன்றைப் பின்னி அடைப்பை இறுக்குகின்றன. இப்புரதத்துக்கு இன்னுமொரு பணியும் உண்டு. எட்டாம் காரணியைச் சிதையாமல் காத்துக் குருதியில் சுமந்து செல்வதும் இதுவே. ஆகவே இது மிகவும் குறைந்தால் எட்டாம் காரணியும் சேர்ந்தே குறைந்து போகும்.

ஹீமோபிலியாவில் மூட்டுக்களுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் குருதி கசியும். முழங்கால் வீங்கி, காலப்போக்கில் நடக்க இயலாமற் போவது அதன் கொடுமை. வொன் வில்லெபிராண்ட் நோயிலோ பெரும்பாலும் மென்சவ்வுகளிலிருந்தே குருதி வடியும். மூக்கு, முரசு, குடல், கருப்பை என்பனவே அதன் இடங்கள். மென்சவ்வு இருபாலாருக்கும் பொதுவானது. ஆனால் மாதந்தோறும் குருதி வடியும் உறுப்பு பெண்ணுக்கே உண்டு. நோய் இருபாலாருக்கும் சமமாக வந்தாலும் துன்பம் சமமாக வராததன் காரணம் இதுவே. அதிக மாதவிடாய்ப் போக்குள்ள பெண்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2004 ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வொன்று, அவர்களுள் சுமார் 13 சதவீதத்தினரிடம் இந்நோய் இருந்ததாகக் கூறியது. அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம்.

பெண்பிள்ளை பருவமடைந்தால் தமிழ் வீடுகளில் சாமத்தியச் சடங்கு வைக்கின்றோம். மண்டபம் எடுத்து, வீடியோப்படம் பிடித்து, வெளிநாட்டு உறவினரின் வருகைக்காக நாளைத் தள்ளிப் போட்டு, ஊரறிய நடத்துகின்றோம். முதல் மாதம் ஊருக்கே தெரிகின்றது. இரண்டாம் மாதம் தொடக்கம் அது யாருக்கும் தெரியாத, யாரும் கேட்காத விடயமாகி விடுகின்றது. பத்து நாட்களாக நிற்கவில்லை என்று பிள்ளை தாயிடம் சொன்னால், எனக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மம்மாவுக்கும் அப்படித்தான், அது எங்கள் குடும்பத்து வாகு என்பதே பதிலாகக் கிடைக்கும். தாய் ஆறுதலுக்காகச் சொல்லும் அந்த வார்த்தையே நோயின் மிக முக்கியமான அடையாளம் என்பதை அவர் அறியார். மூன்று தலைமுறைப் பெண்களுக்கு ஒரேவிதமாக இரத்தம் பெருகுகின்றதென்றால் அதை வாகு என்று விட்டுவிட முடியாது. அது பரம்பரை நோயாக இருக்கக்கூடும்.

முஸ்லிம் குடும்பங்களில் நிலைமை ஒரு வகையில் வேறுபட்டது. மார்க்கச் சட்டம் மாதவிடாயாகிய ஹைழையும் அதற்கு அப்பாற்பட்ட குருதிப்போக்காகிய இஸ்திஹாழாவையும் தெளிவாக வேறுபடுத்துகின்றது. தொழுகைக்கும் நோன்புக்குமாகப் பெண்கள் நாட்களைக் கணக்கிட்டே வாழ்கின்றனர. ஓயாத குருதிப்போக்கினால் அவதியுற்ற பெண்மணி ஒருவர் நபிகளாரிடமே நேரில் சென்று விளக்கம் கேட்ட செய்தி ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் பெண்மணி வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடவில்லை என்பது இன்றைய தாய்மார் கவனிக்க வேண்டியதாகும். எனினும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக்கூடிய எல்லை பதினைந்து நாட்கள். அது வணக்கத்துக்கான எல்லை. மருத்துவத்துக்கான எல்லை அதுவன்று. ஏழு நாட்களைக் கடந்தும் தொடர்ந்து குருதி போகுமாயின் வைத்தியரை நாட வேண்டும்.

நாட்களின் எண்ணிக்கை மட்டுமன்றி அளவும் கவனிக்கப்பட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கோ இரண்டு மணித்தியாலத்துக்கோ ஒரு தடவை அணையாடையை மாற்ற வேண்டியிருப்பது, இரவில் அதற்காகவே எழும்ப வேண்டியிருப்பது, நாணயக் குற்றியிலும் பெரிய கட்டிகளாகக் குருதி போவது என்பன இயல்பானவை அல்ல. அந்நாட்களில் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நின்றுவிடுகின்றாளா என்பதையும் பார்க்க வேண்டும். படியேறும்போது மூச்சு வாங்குவதும் முகம் வெளிறிப் போவதும் இரும்புச் சத்து வற்றிப் போனதன் அடையாளங்களாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப்படுகின்றது, நல்லது. ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருப்பதைப் போன்றதே அது, ஓட்டை எங்கேயென்று எவரும் பார்க்காதவரை. பரீட்சைக்குப் படிக்கும் வயதில் வகுப்பில் தூங்கி வழியும் மாணவியைச் சோம்பேறி எனக் கடிந்து கொள்ளும் ஆசிரியர்களும் இதைச் சற்று யோசிக்கலாம்.

வேறு அறிகுறிகளும் உண்டு. பத்து நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் அடிக்கடி மூக்கால் இரத்தம் வடிதல் அவற்றுள் ஒன்று. எமது வீடுகளில் அது உடற்சூடு என்று தள்ளிவிடப்பட்டு, தலையில் எண்ணெய் வைப்பதோடு முடிந்து விடுகின்றது. பல் பிடுங்கிய பின்னர் மறுநாளும் இரத்தம் கசிதல், அடிபட்ட நினைவே இல்லாத இடங்களில் நீலம் பாய்ந்திருத்தல், பிள்ளைப்பேற்றின் பின்னர் வாரக்கணக்கில் போக்கு நிற்காமை என்பனவும் அவ்வாறானவையே. இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருவரிடமோ ஒரு குடும்பத்திலோ சேர்ந்து காணப்படும்போதுதான் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகித்து வைத்தியரிடம் போனாலும் விடை உடனே கிடைத்து விடுமா என்றால், இல்லை. இரத்தம் வடிகின்றது என்றதும் எமது நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். வொன் வில்லெபிராண்ட் நோயாளர் பெரும்பாலானோரிடம் அது இயல்பாகவே இருக்கும். மூடைகளுக்குக் குறைவில்லை, கட்டைகளே இல்லை என்பதை மூடைகளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதல்லவா? குருதி உறைவதற்கு எடுக்கும் நேரத்தை அளவிடும் சாதாரண பரிசோதனையும் பல நோயாளரிடம் இயல்பான முடிவையே காட்டும். இந்தப் புரதத்தின் அளவையும் அதன் செயற்றிறனையும் தனியே அளவிடும் பரிசோதனைகள் தேவை. அவை எல்லா வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் செய்யப்படுவதில்லை. மேலும் மன அழுத்தம், காய்ச்சல், கர்ப்பம் ஆகியவற்றின்போது இப்புரதத்தின் அளவு உயரும். ஓ குருதி இனத்தவரிடம் அது இயற்கையாகவே சற்றுக் குறைவு. எனவே ஒரு தடவை இயல்பு என்று முடிவு வந்ததும் கோப்பை மூடிவிடாமல் மீண்டும் பரிசோதிக்க வேண்டியும் நேரலாம். குருதிநோய் விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புமாறு கேட்பதற்கு நோயாளருக்கு உரிமையுண்டு. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இந்நோய் மூன்று வகைப்படும். நோயாளருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் முதலாம் வகையினர். புரதம் இருக்கின்றது, அளவுதான் குறைவு. இரண்டாம் வகையில் புரதத்தின் அமைப்பிலேயே குறை. இவ்விரு வகைகளும் பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரிடமிருந்தே வருகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. பொக்லோச் சிறுமிக்கு இருந்தது மூன்றாம் வகை. புரதம் அறவே இல்லாத நிலை. பெற்றோர் இருவரும் பழுதுற்ற பரம்பரை அலகைக் கொடுத்தால் மாத்திரமே இது ஏற்படும். அவ்வாறான பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மேற்குலக நாடுகளில் பத்து இலட்சம் பேருக்கு ஒருவரிடமே காணப்படும் இவ்வகை, உறவினருக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள ஈரான் போன்ற நாடுகளில் அதனிலும் கூடுதலாகக் காணப்படுகின்றது.

மச்சான், மச்சாள் உறவில் மணம் முடிப்பது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடமும் தொன்றுதொட்டு நிலவி வருவது. காணி பிரியாமல் இருக்கவும் உறவு விடாமல் இருக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதைக் கண்டிப்பது எமது நோக்கமன்று. உறவில் மணம் முடித்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆனால் இரத்தம் எளிதில் நிற்காத ஒருவர் குடும்பத்தில் இருக்கின்றார் எனத் தெரிந்த பின்னரும் அதே குடும்பத்துக்குள் சம்பந்தம் பேசும்போது வைத்திய ஆலோசனை பெறாமல் விடுவது தவறு. நடைமுறையில் நிகழ்வதோ நேர்மாறானது. பெண்ணுக்கு நோய் என்று வெளியில் தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற அச்சத்தில் அதை மறைத்து, விபரம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கொடுக்கின்றார்கள். மறைப்பதற்காகச் செய்யப்படும் அந்தத் திருமணமே நோயின் கடுமையான வகை அடுத்த தலைமுறையில் தோன்றுவதற்கு வழி திறந்து விடலாம்.

ஆண்பிள்ளைகள் விடயத்தில் முஸ்லிம் பெற்றோர் மனதிற் கொள்ள வேண்டிய இன்னொன்று கத்னா. தாய்க்கோ தாய்வழி மாமனுக்கோ இரத்தப்போக்கு வரலாறு இருக்குமாயின், ஒஸ்தாவிடமோ வைத்தியரிடமோ பிள்ளையைக் கொண்டு செல்வதற்கு முன்னர் குருதிப் பரிசோதனை செய்து கொள்வது உயிர் காக்கும் செயலாகும். முந்திய பிள்ளைகள் இவ்வாறு இரத்தம் பெருகி இறந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு விருத்தசேதனம் வேண்டாமென யூத சமய அறிஞர்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே தீர்ப்புக் கூறியிருந்தனர். உயிராபத்து உள்ளபோது கடமையைப் பிற்போட இஸ்லாத்திலும் இடமுண்டு என்பதை உலமாக்கள் அறிவர். நோய் முன்கூட்டியே தெரிந்தால் தகுந்த மருந்தை ஏற்றி வைத்தியசாலையிலேயே பாதுகாப்பாக அதனைச் செய்து கொள்ளலாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை நிலைமை பொக்லோச் சிறுமியின் காலத்தைப் போன்றதன்று. 1962 ஆம் ஆண்டில் ஜப்பானில் உத்தாகோ ஒக்கமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவரது கணவரும் கண்டறிந்த ட்ரனெக்சாமிக் அமிலம், உருவான குருதிக்கட்டி கரைந்து போகாமல் தடுக்கின்றது. பிரசவத்தின்போது இரத்தம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காப்பதற்கே அவர்கள் அதைத் தேடினர். மலிவான மாத்திரை அது. வைத்திய ஆலோசனையோடு மாதவிடாய் நாட்களில் மாத்திரம் எடுத்தாலே பலருக்குப் போதுமானது. 1977 ஆம் ஆண்டில் இத்தாலியில் மனூச்சியும் அவரது குழுவினரும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்து உடலில் ஏற்கனவே சேமிப்பிலுள்ள புரதத்தை வெளியே கொண்டு வருகின்றது என்பதைச் சிகிச்சையில் நிரூபித்தனர். முதலாம் வகை நோயாளருள் பெரும்பாலானோருக்கு இது பயன் தரும். மூன்றாம் வகையினருக்குச் சேமிப்பே இல்லாததால் பயனில்லை. அவர்களுக்கு அப்புரதம் அடங்கிய காரணிச் செறிவுகளை ஏற்ற வேண்டும். அவை கிட்டாத இடங்களில் தானம் பெற்ற குருதியிலிருந்து தயாரிக்கப்படும் குளிர்வீழ்படிவு கைகொடுக்கும். ஹோர்மோன் மாத்திரைகளும் கருப்பையினுள் வைக்கப்படும் ஹோர்மோன் சாதனமும் மாதவிடாய்ப் போக்கை வெகுவாகக் குறைக்கக் கூடியவை. திருமணமாகாத பிள்ளைக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையா என்று பெற்றோர் திடுக்கிடுவதை வைத்தியர்கள் நன்கறிவர். இங்கே அது குருதியை நிறுத்தும் மருந்தாகவே கொடுக்கப்படுகின்றது. காரணம் கண்டறியப்படாமலே கருப்பையை அகற்றிக் கொண்ட பெண்களும் உலகெங்கும் உள்ளனர். ஒரு மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது சத்திரசிகிச்சை மேசை வரை சென்றிருக்கின்றது.

தவிர்க்க வேண்டியவற்றை டெங்குக் காலத்து அறிவித்தல்களால் எமது மக்கள் ஓரளவு அறிந்தே வைத்திருக்கின்றனர். அஸ்பிரின், புரூபன் போன்ற மாத்திரைகள் சிறுதட்டுக்களின் வேலையைக் கெடுப்பதால் இந்நோயாளர் அவற்றை எடுக்கலாகாது. வலிக்குப் பரசிற்றமோல் போதும். மாதவிடாய் வலிக்கென்று பார்மசியில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல இந்த அஸ்பிரின், புரூபன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வலிக்காக எடுத்த மாத்திரையே குருதியைப் பெருக்கிவிடும்.

கர்ப்பிணிகள் விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்ப்ப காலத்தில் இப்புரதத்தின் அளவு உயர்வதால் பலருக்கும் பிரசவம் இலகுவாகவே நடந்து முடிகின்றது. அனைவரும் நிம்மதியடைந்து வீடு திரும்பிய பின்னரே அளவு மீண்டும் சரிகின்றது. ஆபத்து பெரும்பாலும் அதன் பின்னர், வைத்தியசாலையில் அல்லாமல் வீட்டில் வைத்தே நேரிடுகின்றது. பிரசவத்தின் பின்னர் தாயைப் பார்க்க வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் போக்கின் அளவை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோய் உறுதி செய்யப்பட்ட ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், நோயின் பெயரும் வகையும் குருதி இனமும் சிகிச்சை பெறும் வைத்தியசாலையின் பெயரும் எழுதிய சிறு அட்டையொன்றைத் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது. பல் வைத்தியரிடம் போகும்போதும் அதைக் காட்ட வேண்டும்.